ஹொனலுலு – குவாம்: தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

கேள்வி இதுதான். ஹவாயில் உள்ள ஹொனலுலுவிலிருந்து குவாம் தீவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும்? ஒரு இணையதளம் 6,109 கி.மீ. என்கிறது, இன்னொன்று 6,117 என்கிறது, மூன்றாவது ஒன்றில் வெறும் 3,303 என்று இருக்கிறது. டிக்கெட்டைப் பார்த்தால் போவதற்கு 8 மணி நேரத்தை ஒட்டியும் திரும்புவதற்கு 7 மணி நேரத்தை ஒட்டியும் காட்டுகிறது. போதாததற்கு, திரும்பும் விமானம் கிளம்பிய தேதிக்கு முந்தைய தேதியில் வந்து சேருகிறது. இதில் எது சரி?

எல்லாமே சரிதான். நான் பல வருடம் டிஸ்பேட்ச் அறையில் உட்கார்ந்து விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டவன். இந்தக் குழப்பத்தோடு வருபவர்களிடம் எப்போதும் முதலில் சொல்வது, தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் கண்டுபிடிக்கும் பள்ளிக்கூடக் கணக்கைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள் என்பதைத்தான். விமானம் ஓடுவது தரை மேல் இல்லை, காற்றுக்குள். அந்தக் காற்றும் சும்மா நிற்பதில்லை.

முதலில் தூரத்தை முடித்துவிடுவோம், அது சுலபம். ஹொனலுலு வடக்கே 21.3 டிகிரி, மேற்கே 157.9 டிகிரி. குவாம் வடக்கே 13.5 டிகிரி, கிழக்கே 144.8 டிகிரி. பூமியை 6,371 கி.மீ. ஆரம் உள்ள சுத்தமான உருண்டை என்று வைத்துக்கொண்டு இரண்டு புள்ளிக்கும் நடுவில் மிகக் குறுகிய வளைகோட்டைக் கணக்கிட்டால் 6,109 கி.மீ. வரும். ஆனால் பூமி சுத்தமான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் பருத்திருக்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஆரம் 6,378 கி.மீ., துருவப் பக்கம் 6,357. இந்தப் பாதை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிழக்கு மேற்காக ஓடுவதால் பருத்த இடுப்பைச் சுற்றிப் போகிறது, அதனால் சரியாகக் கணக்குப் போட்டால் ஏழெட்டு கிலோமீட்டர் கூடி 6,117 ஆகிறது. அதே தூரம் மைலில் 3,801, கடல் மைலில் 3,303. விமானிகளும் டிஸ்பேட்ச்காரர்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள், ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. பல தளங்கள் அலகைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டுவிடுவதால் வரும் குழப்பம் அது.

பாதையின் வடிவத்தையும் பார்த்துவிடலாம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. குவாம், ஹொனலுலுவை விடக் கிட்டத்தட்ட 8 டிகிரி தெற்கே இருக்கிறது. அப்படியானால் கிளம்பும்போதே தென்மேற்கே பார்த்துப் போக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் குறுக்கு வழி 272 டிகிரியில் தொடங்குகிறது, அதாவது நேர் மேற்கு, அதிலும் ஒரு மயிரிழை வடக்கே சாய்ந்து. போகப் போகத் திசை தானாகவே தெற்கே சரிந்து, குவாமை நெருங்கும்போது 253 டிகிரி ஆகிவிடும். யாரும் விமானத்தைத் திருப்பவில்லை, அது நேராகத்தான் போகிறது. வடக்கு எது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. இருந்தாலும் இந்த ரூட்டில் அந்த வளைவால் லாபம் குறைவு, தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து ஒரே திசையில் போனாலும் கூடுவது 30 கி.மீ. போலத்தான். வட துருவத்தை ஒட்டிப் போகும் ரூட்டுகளில் இதே வித்தியாசம் ஆயிரக்கணக்கான கி.மீ. ஆகும்.

சரி, நேரத்துக்கு வருவோம். இந்த ரூட்டில் நேரடி சேவையில் பறப்பது பெரும்பாலும் போயிங் 777. 35,000 அடி உயரத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லை என்றால் 6,117 கி.மீ.யைக் கடக்க 6 மணி 48 நிமிடம். ஆனால் அந்த உயரத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், ஹவாய்ப் பக்கம் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்று அடிக்கும். சராசரியாக மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று என்று எடுத்துக்கொண்டால், கடலைப் பொறுத்து விமானம் நகர்வது மணிக்கு 840 கி.மீ.தான், ஆக 7 மணி 17 நிமிடம். அதே காற்று திரும்பும்போது முதுகில் தள்ளினால் 960, ஆக 6 மணி 22 நிமிடம். போக வர 55 நிமிடம் வித்தியாசம், இத்தனைக்கும் 60 கி.மீ. என்பது ஒன்றும் பெரிய காற்று இல்லை.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம், நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். மேற்கே போகும் விமானம் 7 மணி 17 நிமிடம் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடியதில், காற்றுக்குள் அது கடந்த தூரம் சுமார் 6,550 கி.மீ. திரும்பி வரும்போது 5,735 தான். கடல் மேல் இரண்டும் ஒரே 6,117. ஆனால் எஞ்சினுக்கும் எரிபொருள் டாங்கிக்கும் கடல் மேல் உள்ள தூரம் தெரியாது, காற்றுக்குள் ஓடிய தூரம்தான் தெரியும். அதனால்தான் டிஸ்பேட்ச் தாளில் தூரத்துக்குப் பக்கத்திலேயே காற்றுக்கு ஒரு கட்டம் இருக்கும். எதிர்க்காற்று என்றால் 'எம்' போட்டு ஓர் எண், பின்காற்று என்றால் 'பி' போட்டு ஓர் எண். எம் 032 என்றிருந்தால் வழி நெடுகச் சராசரியாக 32 நாட் (மணிக்கு 32 கடல் மைல்) எதிர்க்காற்று, கிட்டத்தட்ட நம் கணக்கில் வந்த அதே 60 கி.மீ. தாள் கைக்கு வந்ததும் என் கண் தூரத்துக்குப் போகாது, அது நேற்றும் அதேதான், நாளையும் அதேதான். கண் போவது அந்த எம்-க்கோ பி-க்கோதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? போகும்போது இழந்தது 29 நிமிடம், வரும்போது கிடைத்தது 26 நிமிடம். எதிர்க்காற்றில் போகும் நேரம் நீள்கிறது, அந்த நீண்ட நேரம் முழுக்கக் காற்று பிடித்து இழுக்கிறது. பின்காற்றில் பயணம் சுருங்குவதால் உதவி கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது. காற்று என்று ஒன்று இருந்தாலே, போக வரச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் நஷ்டம்தான்.

மேலே சொன்னது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும். டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம், அதாவது கேட்டிலிருந்து விமானம் பின்னால் நகரத் தொடங்கிய நொடி முதல் போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை. டாக்ஸி (விமானம் தரையில் ஊர்ந்து போவது), மெதுவாக ஏறுவது, மெதுவாக இறங்குவது, கொஞ்சம் கையிருப்பு நேரம் எல்லாம் சேர்ந்துதான் மேற்கே 8 மணியை ஒட்டியும் கிழக்கே 7 மணியை ஒட்டியும் அட்டவணை நிற்கிறது. கோடையில் மேலே காற்று தளர்ந்துவிடும், அப்போது இரண்டு பக்க நேரமும் ஒன்றை ஒன்று நெருங்கும்.

இந்த ரூட்டில் மட்டும் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. கடல் மட்டத்தில் இந்தப் பகுதி முழுக்க வியாபாரக் காற்று, அது கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். மேலே 35,000 அடியில் உள்ளதற்கு நேர் எதிர். பாய்மரக் காலத்தில் மேற்கே போவதுதான் சுகமான பயணம். ஸ்பெயின்காரர்களின் மணிலா கப்பல்கள் 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து கிளம்பி இந்தக் காற்றில் சறுக்கிக்கொண்டு குவாமைத் தொட்டு மணிலா போயின. திரும்புவதற்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. 1565-ல் உர்தானெதா என்ற ஸ்பெயின் கடலோடி வடக்கே வெகுதூரம் ஏறி, அங்கே வீசும் மேலைக்காற்றைப் பிடித்துத் திரும்பிக் காட்டினார். இன்றைக்கு விமானத்துக்குக் கிழக்கே போவது சுகம், மேற்கே போவது இழுபறி.

அந்த வியாபாரக் காற்று விமானத்தையும் சும்மா விடுவதில்லை. விமானம் ஏறுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான். ஹொனலுலுவில் காற்று கிழக்கிலிருந்து வருவதால் வழக்கமாகக் கிழக்கே பார்த்து ஏறுவார்கள். கனமான விமானங்கள் பவளத்திட்டின் மேல் கட்டி 1977-ல் திறந்த, 3,658 மீட்டர் நீளமுள்ள ரீஃப் ஓடுபாதையிலிருந்து ஏறும். குவாமோ மேற்கே இருக்கிறது. ஆக ஏறியதும் கடல் மேல் ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்ப வேண்டும். குவாமில் ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்கும் பார்த்தது, அங்கேயும் காற்று கிழக்கிலிருந்துதான். எனவே கிழக்கிலிருந்து வந்த விமானம் தீவைத் தாண்டி மேற்கே போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். திரும்பும் பயணத்தில் அப்படியே தலைகீழ். குவாமில் ஏறும்போதே முகம் ஹவாய்ப் பக்கம், ஹொனலுலுவில் மேற்கிலிருந்து வந்த வாக்கிலேயே நேராக இறங்கலாம். மேலே அடிக்கும் காற்று, கீழே அடிக்கும் காற்று, இரண்டும் எதிரெதிர் திசை, ஆனால் இரண்டுமே சாதகம் கிழக்கே போகிறவருக்குத்தான். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்தவர் இதைத் தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினார், அன்றிலிருந்து ஒவ்வொரு ரூட்டிலும் முதலில் ஓடுபாதையின் திசையைப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் தேதிக் குழப்பம். ஹொனலுலு நேரம் உலகப் பொது நேரத்துக்கு 10 மணி பின்னால், குவாம் 10 மணி முன்னால், மொத்தம் 20 மணி நேர வித்தியாசம். இரண்டு இடத்திலும் கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை, அதனால் வருடம் முழுக்க இந்த 20 மாறாது. 20-ஐக் கூட்டிக் குழம்புவதற்குப் பதில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: குவாமில் மணி ஹொனலுலுவை விட 4 குறைவு, ஆனால் தேதி ஒன்று கூட. திங்கள் பிற்பகல் 3 மணிக்கு ஹொனலுலுவில் கிளம்பி 8 மணி நேரம் பறந்தால் உங்கள் உடம்புக்கு மணி இரவு 11. அதில் 4 கழித்தால் 7, தேதியில் ஒன்று கூட்டினால் செவ்வாய் மாலை 7. திரும்பும்போது செவ்வாய் காலை 7 மணிக்குக் குவாமில் கிளம்பி ஏழேகால் மணி நேரம் பறந்தால் பிற்பகல் 2:15, அதோடு 4 கூட்டித் தேதியில் ஒன்று கழித்தால் திங்கள் மாலை 6:15. கிளம்புவதற்கு முந்தைய நாளே வந்து சேர்ந்தாயிற்று. பயணம் எத்தனை மணி நேரம் என்று டிக்கெட்டிலிருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால், இரண்டு நேரத்தையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். தங்கும் அறை பதிவு செய்வதில் நிறைய பேர் இங்கேதான் ஒரு நாள் தவறவிடுகிறார்கள். ஹொனலுலுவில் அறை செவ்வாய்க்கு இல்லை, திங்களுக்கு எடுக்க வேண்டும்.

அடுத்ததாக எல்லோரும் கேட்பது, இவ்வளவு கடல், நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு எஞ்சின் நின்றுபோனால் மீதமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு ஓடுபாதையை எட்ட முடிய வேண்டும், அந்த வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. முன்பு அது 60 நிமிடம், 1985-ல் 120, 1988-ல் 180 ஆனது. 777 சேவைக்கு வந்த 1995-லேயே 180 நிமிட அனுமதியோடு வந்தது. ஒரே எஞ்சினில் மணிக்கு 740 கி.மீ. என்று வைத்தாலும் 180 நிமிடத்தில் 2,200 கி.மீ. போகலாம். இந்தப் பாதையில் வடக்கே மிட்வே, வழியிலேயே வேக், தெற்கே மஜூரோ என்று ஓடுபாதை உள்ள தீவுகள் இருப்பதால் அந்த வரம்பு எங்குமே இடிப்பதில்லை, சுற்றிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. மிட்வே ஓடுபாதையை இதற்காகவே பராமரிக்கிறார்கள். 2011 ஜூனில் ஹொனலுலுவிலிருந்து ஒசாகா போன டெல்டா 747 ஒன்று முன்கண்ணாடியில் விரிசல் விழுந்து அங்கே இறங்கியது.

வேக் தீவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. ஹொனலுலுவிலிருந்து வேக் 3,695 கி.மீ., வேக்கிலிருந்து குவாம் 2,416 கி.மீ. கூட்டினால் 6,111. உருண்டைக் கணக்கில் நேர்வழி 6,109. அதாவது வேக்கில் இறங்கி ஏறினாலும் கூடுவது இரண்டே கிலோமீட்டர்! ஆறாயிரம் கி.மீ. கடலில், வரைந்த கோட்டுக்கு 70 கி.மீ. பக்கத்தில், மொத்தமே ஏழு சதுர கி.மீ. அளவில் ஒரு பவளத்தீவு. இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது நம்பாமல் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். 1935-ல் பான் அமெரிக்கன் நிறுவனம் இந்த ஆளில்லாத் தீவில் தளம் கட்டியதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். அந்த வருடம் நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து தபால் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'சைனா கிளிப்பர்' பறக்கும் படகு (தண்ணீரில் இறங்கி ஏறும் விமானம்), ஹொனலுலு, மிட்வே, வேக், குவாம் என்று தங்கித் தங்கி நவம்பர் 29-ல் மணிலா சேர்ந்தது. மிட்வே வழியாகப் போனதால் ஹொனலுலு–குவாம் தூரம் சுமார் 6,400 கி.மீ. ஆயிற்று, வேகம் மணிக்கு 210 கி.மீ. போல. ஒவ்வொரு தீவிலும் இரவு தங்கல். இன்று ஒரே மதியத்தில் முடிவதற்கு அன்று மூன்று பகல் பிடித்தது.

இன்றைக்கும் தங்கித் தங்கிப் போக வழி இருக்கிறது. 1968-ல் ஏர் மைக்ரோனேஷியா தொடங்கி, இப்போது யுனைடெட் நடத்தும் 'ஐலண்ட் ஹாப்பர்' சேவை. போயிங் 737-ல் ஹொனலுலுவிலிருந்து மஜூரோ, குவாஜலீன், கோஸ்ரே, போன்பெய், சூக் என்று ஐந்து தீவில் இறங்கி ஏறிக் குவாம் போகும். ஒவ்வொரு தாவலையும் கூட்டிப் பார்த்தேன், மொத்தம் சுமார் 7,020 கி.மீ. வருகிறது. நேர்வழியை விடத் தூரம் 15 சதவீதம்தான் அதிகம். ஆனால் நேரம் 14 முதல் 16 மணி, கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஒவ்வொரு முறையும் இறங்க வேண்டும், முக்கால் மணி நேரமாவது நிற்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். குவாஜலீனுக்கும் மஜூரோவுக்கும் நடுவில் வெறும் 430 கி.மீ., உச்ச உயரத்தில் கொஞ்ச நேரம் கூட இருக்க முடியாது, ஏறிய சூட்டிலேயே இறக்கம். தீவுகளில் பழுதுபார்க்கும் வசதி கிடையாது என்பதால் உதிரி பாகங்களோடு ஒரு மெக்கானிக்கும் கூடவே பறப்பார். குவாஜலீன் அமெரிக்க ராணுவத் தளம், அனுமதி இல்லாதவர் விமானத்தை விட்டு இறங்க முடியாது. நேரம் இருப்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன், ஆனால் அதே நாளில் குவாமிலிருந்து வேறு விமானம் பிடிக்க வேண்டியவர் இதில் ஏறவே கூடாது. ஏதாவது ஒரு தீவில் மழையோ பழுதோ என்றால் பின்னால் வரும் அத்தனை தீவுக்கும் தாமதம் தொற்றிக்கொள்ளும்.

நேரடி விமானத்தில் போகிறீர்கள் என்றால் ஒரே எச்சரிக்கை, புயல். 2023 மே மாதம் மாவர் சூறாவளி குவாமை அடித்தபோது பயணிகள் சேவை பல நாள் நின்றுபோனது. பறக்கும்போது குவாம் மூடினால் இறங்க, 200 கி.மீ.க்குச் சற்று அப்பால் சைப்பான் இருக்கிறது.

இருக்கை தேர்வு செய்யும்போது மேற்கே போகையில் வலப்பக்க ஜன்னல் எடுங்கள். அன்றைய பாதை காற்றைப் பார்த்துக் கொஞ்சம் விலகிப் போகலாம், மேகம் மறைக்கலாம், அதெல்லாம் உங்கள் அதிர்ஷ்டம். பிற்பகல் 3 மணிக்குக் கிளம்பினால் நாலு நாலரை மணி நேரம் கழித்து, வேக் தீவின் நேரப்படி மாலை ஐந்தரை போல, வெளிச்சம் இன்னும் இருக்கும். வி எழுத்தைப் போல வளைந்த மூன்று துண்டு நிலம், நடுவில் வெளிர் பச்சைத் தண்ணீர், ஓரத்தில் ஒரு நீளமான ஓடுபாதை. அதைத் தாண்டினால் குவாமுக்கு இன்னும் 2,400 கி.மீ., மூன்று மணி நேரம்.